கலைக்கூடமும் கட்டணமும்

மலைநாட்டுச் சிறு பட்டினங்களிலே தற்காப்புக் கலை கற்பிக்கும் வகுப்புக்கள் நடைபெறுவது இன்று புதுமையான செய்தியன்று. கராத்தே, ஜூடோ, டைக்குவொண்டோ என்னும் பெயர்களை நம் சிறுவர் சிறுமியர் பாடப் பெயர்களைச் சொல்லுவது போலச் சரளமாகச் சொல்லுகின்றனர். கோயில் திருவிழாவோடு நின்றிருந்த சிலம்பமும் வகுப்பு வடிவம் பெற்று வருகின்றது. "அம்மா, நானும் சேர வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது தாயின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்த வகுப்பு நல்லது? அவர்கள் கேட்கும் பணம் நியாயமானதா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் வழியை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பூண்டுலோயாவை மனத்தில் வைத்துக்கொண்டே இதனைப் பேச விரும்புகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. கொழும்பு மாநகரிலே ஒரு வகுப்புப் பிடிக்கவில்லையானால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். டன்சினன் நீர்வீழ்ச்சியைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் வாழும் குடும்பத்துக்கு அந்த வசதியில்லை. பூண்டுலோயாக் கடைத்தெருவுக்கு வருவதற்கே பிள்ளை தோட்டப் பாதையில் நெடுந்தூரம் இறங்க வேண்டும். தலவாக்கலைக்குப் போக வேண்டுமானால் பஸ் கட்டணம் வேறு. மாலையானால் மழையும் பனிமூட்டமும் பாதையை மறைத்துவிடும். தெரிவு குறைவாக உள்ள இடத்திலே, "இருப்பது இதுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதே வழக்கமாகின்றது. உண்மையில் தெரிவு குறைந்த இடத்திலேதான் கூர்ந்து பார்த்தல் வேண்டும். அங்கே தவறினால் போன பணத்தையும் காலத்தையும் மீட்பது அரிது.

தற்காப்புக் கலை நம் மக்களுக்குப் புதிதாக வந்த பொருளன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர், மாரியம்மன் வழிபாட்டையும் தப்பையும் காமன் கூத்தையும் தம்முடன் கொணர்ந்தனர். அவற்றோடு சிலம்பமும் வந்தது. தேர்த் திருவிழா ஊர்வலத்திலே கம்பு சுழற்றும் இளைஞனைச் சுற்றிக் கூட்டம் விலகி நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். திரைப்படத்திலே சிலம்ப வீச்சினாற் புகழ்பெற்ற எம். ஜி. இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பது மலைநாட்டார் பெருமையுடன் நினைவுகூரும் செய்தி.

பழைய முறையிலே ஆசானுக்கு மாதக் கட்டணம் இல்லை. வெற்றிலை பாக்கும் வேட்டியும் காணிக்கையும் வைத்து வணங்கித் தொடங்குவது தென்னாட்டு வழக்கம். இதனைக் கொண்டு, அக்காலத்து ஆசான் கலையைத் தானமாகக் கொடுத்தார், இக்காலத்து ஆசிரியர் அதனை விற்கின்றார் என்று சிலர் குறை கூறுவதுண்டு. அஃது அரை உண்மையே. அக்காலத்து மாணாக்கன் காசாகக் கொடுக்காததை நெல்லாகக் கொடுத்தான். ஏவிய வேலை செய்து உழைப்பாகக் கொடுத்தான். அன்றியும், அக்காலத்துக் கூடங்கள் பலவற்றின் கதவு பெண்பிள்ளைகளுக்கு மூடியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் மூடியிருந்தது. கட்டணம் என்னும் முறை வந்த பின்னர், கட்டணத்தைச் செலுத்துபவர் எவராயினும் உள்ளே வரலாம் என்ற நியாயமும் கூடவே வந்தது. ஆகையால், பணம் வாங்குவதே இழிவு என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் பழைமைக்கும் புதுமைக்கும் உள்ள உண்மையான வேற்றுமை எது? அக்காலத்து ஆசானை ஊர் அறிந்திருந்தது. அவர் யாரிடம் கற்றார், குடிப்பழக்கம் உள்ளவரா, கோபக்காரரா, பிள்ளைகளை எப்படி நடத்துவார் என்பதெல்லாம் லயத்துக்கு லயம் தெரிந்த செய்தி. இக்காலத்து ஆசிரியரோ வாரத்தில் இருநாள் பஸ்ஸில் வந்து, இரண்டு மணி நேரம் கற்பித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகின்றார். அவரை ஊர் அறியாது. அன்று ஊரார் அறிந்திருந்ததை இன்று பெற்றோர் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. கலைக்கூடத்தைத் தேர்வதற்கும் கட்டணத்தை மதிப்பிடுவதற்கும் அடிப்படை இவ்வொன்றே: கேட்டறிதல். கேட்பதற்குக் கூசுபவர்களும், கேட்டாற் சினக்கும் ஆசிரியரும் சந்திக்கும் இடத்திலேதான் ஏமாற்றம் பிறக்கின்றது.

முதலிற் கேட்க வேண்டியது ஆசிரியரையன்று, பிள்ளையையும் நம்மையுமே. எதற்காகக் கற்கப் போகின்றாய்? உடல் உறுதிக்காகவும் ஒழுங்குக்காகவும் என்றால், நேர்மையான ஆசிரியர் எந்தக் கலையைக் கற்பித்தாலும் அது போதுமானது. போட்டிகளில் முன்னேறுவதற்காக என்றால், எந்தப் போட்டி எங்கே நடைபெறுகின்றது என்பதை விசாரிக்க வேண்டும். ஜூடோ 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. டைக்குவொண்டோ 2000ஆம் ஆண்டிலே பதக்க விளையாட்டாயிற்று. கராத்தே, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. சிலம்பம் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. "உங்கள் பிள்ளை ஒலிம்பிக் போகும்" என்று முதல் நாளே சொல்லும் வகுப்பை இந்த விவரங்களைக் கொண்டு எடைபோடலாம்.

மூன்றாவது நோக்கம் தற்காப்பு. பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பெரும்பாலும் இதனையே எண்ணுகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆபத்து நேர்ந்தால் முதலில் கத்து, ஓடு, ஆட்கள் உள்ள இடத்தைச் சேர் என்று சொல்லிக் கொடுப்பவரே நல்ல ஆசிரியர். ஆறு மாதத்தில் எவரையும் வீழ்த்தலாம் என்றும், ஒரு விரல் தொட்டால் வர்மத்தில் அடங்கிவிடுவான் என்றும் கூறுபவர் பிள்ளைக்குப் பொய்யான துணிவை ஊட்டுகின்றார். பொய்த் துணிவு அச்சத்தைவிட ஆபத்தானது.

இனி, வகுப்பைப் பார்க்கப் போக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரு முறையாவது, கூடுமானால் இருமுறை, தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து பார்த்தல் வேண்டும். பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் வகுப்பைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை; வந்த வழியே திரும்பிவிடலாம். சிலர், "இது இரகசியக் கலை" என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் தாய்க்கு மறைக்க வேண்டிய இரகசியம் எதுவும் இல்லை.

உட்கார்ந்திருக்கும்போது வகுப்பிலே மிகத் திறமையான மாணவனைப் பார்த்து மயங்க வேண்டாம். அவன் எங்கே சென்றிருந்தாலும் முன்னேறியிருப்பான். வகுப்பிலே மிகவும் பின்தங்கிய பிள்ளையைப் பாருங்கள். ஆசிரியர் அந்தப் பிள்ளையின் அருகே எத்தனை முறை செல்லுகின்றார்? கால் வைப்பது பிழைத்தால் மீண்டும் செய்து காட்டுகின்றாரா, அல்லது மற்றவர் முன்னிலையில் நகைக்கின்றாரா? பிரம்பால் அடிக்கின்றாரா? உங்கள் பிள்ளையும் முதல் ஆறு மாதம் பின்தங்கிய பிள்ளையாகவே இருக்கப் போகின்றது. நீங்கள் கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தப் பின்வரிசையே காட்டும்.

தொடக்கத்தில் உடலைச் சூடாக்கும் பயிற்சியும் முடிவில் தளர்த்தும் பயிற்சியும் உண்டா என்று கவனியுங்கள். சிலம்பமானால், கம்பைக் கையிற் கொடுக்குமுன் காலடி வைக்கும் முறையைப் பொறுமையாகப் பழக்குகின்றாரா என்று பாருங்கள்; காலடி தெரியாமற் கம்பு சுழற்றுவது கண்ணுக்கு வேடிக்கை, மாணவனுக்கு வீண். சிறு பிள்ளைகளைக் கொண்டு ஓடும் செங்கல்லும் உடைக்கச் செய்வது மேடைக்கு அழகாயிருக்கலாம். வளரும் வயதில் எலும்பின் நுனியிலே மெல்லிய வளர்ச்சிப் பகுதி உண்டு. அங்கே ஏற்படும் சேதம் எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைய பயிற்சியிலிருந்து உடனே விலக்க வேண்டும். அடிபட்ட பின் வாந்தியோ மயக்கமோ அளவு மீறிய தூக்கமோ இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "வீரனுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாகாது. முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கின்றது என்று கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டுபவர் தேறினார்.

பெண்பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். வகுப்பு பொது மண்டபத்திலே, கதவு திறந்திருக்க நடைபெற வேண்டும். பிடிகளையும் விடுவிப்புக்களையும் கற்பிக்கும்போது உடலைத் தொட நேரும். அதனை முன்கூட்டிச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும், இயன்றவரை பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளையையே துணையாக நிறுத்திக் கற்பிப்பது முறை. தனி அறையில் தனிப் பயிற்சி, பெற்றோர் அறியாமற் பிள்ளைக்குத் தொலைபேசிச் செய்தி என்பவை எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கவையல்ல. சந்தேகத்துக்கிடமான எதுவும் நேர்ந்தால் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மறைக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டிருக்கின்றது; அதன் தொலைபேசி இலக்கம் 1929. அந்த நான்கு இலக்கங்களையும் பிள்ளையே மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். வகுப்பு முடியும் நேரமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. இருட்டுமுன் வீடு சேர முடியாத வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும், துணையின்றி நடக்க வேண்டிய மேற்பிரிவுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. நேரத்தை மாற்ற முடியுமா என்று பெற்றோர் பலர் சேர்ந்து கேட்பதில் தவறில்லை.

ஆசிரியரின் தகுதியைப் பற்றி மூன்று கேள்விகள் போதும். யாரிடம் கற்றீர்கள்? எத்தனை ஆண்டு கற்றீர்கள்? உங்கள் சங்கம் எங்கே பதிவு செய்யப்பட்டுள்ளது? சுவரில் மாட்டிய சான்றிதழ்களின் எண்ணிக்கை இவற்றுக்கு விடையாகாது. இலங்கையில் விளையாட்டுச் சங்கங்களின் பதிவுக்கு 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இருக்கின்றது. வகுப்பு எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொண்டு, பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். பதிவில்லாதவரெல்லாம் பொய்யர் என்று கூற வரவில்லை. கிராமத்துச் சிலம்ப ஆசான் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே சிறந்த கலைஞராயிருக்கலாம். ஆனால், "இந்தச் சான்றிதழைக் கொண்டு பல்கலைக்கழகம் புகலாம், உத்தியோகம் பெறலாம்" என்று சொல்லிப் பணம் வாங்குபவர், அந்தச் சான்றிதழை யார் ஏற்பார்கள் என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பாராமல் எந்தப் பெண்ணும் கூடையை இறக்குவதில்லை. சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதை அவள் அறிவாள். அந்தக் கண் இங்கேயும் வேண்டும். வகுப்பு அறிவித்தலிலே பெரிய எழுத்தில் உள்ளது மாதக் கட்டணம் மட்டுமே. அதன் பின்னால் வருவன பல: சேர்வுப் பணம், சீருடை, பாதுகாப்புக் கவசம், தரத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ்ப் பணம், சங்க உறுப்புரிமை, போட்டிக் கட்டணம், போட்டிக்குப் போகும் பயணச் செலவு. ஆகவே மாதத்தைக் கொண்டு அளக்காமல் ஆண்டைக் கொண்டு அளக்க வேண்டும். ரூபாயைக் கொண்டு மட்டும் அளக்காமல் நாட்சம்பளத்தைக் கொண்டும் அளக்க வேண்டும்.

கணக்கு விளங்கும்பொருட்டுச் சில தொகைகளை நானே வைத்துக்கொள்ளுகின்றேன்; இவை எந்த வகுப்பையும் குறிப்பனவல்ல. மாதக் கட்டணம் 1,500 ரூபா என்று கொள்வோம். ஆண்டுக்கு 18,000. சேர்வுப் பணம் 1,000. சீருடை 4,500. ஆண்டிலே மூன்று தரத் தேர்வுகள், ஒவ்வொன்றும் 2,500 வீதம் 7,500. ஒரு போட்டி, பயணம் உட்பட 3,000. எல்லாம் கூடி 34,000 ரூபா. 2021இல் 1,000 ரூபாவாயிருந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபா என்று விதிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த உயர்வை அவரவர் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம்; நாம் 1,350ஐயே வைத்துப் பார்ப்போம். மாதக் கட்டணத்தை மட்டும் எண்ணினால் ஆண்டுக்குப் பதின்மூன்று நாட் பேருக்குச் சற்று மேல். முழுச் செலவையும் எண்ணினால் இருபத்தைந்து நாட் பேர். தாய் ஒருத்தி ஒரு மாதம் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்த சம்பளம் என்றே சொல்லிவிடலாம். அறிவித்தலில் உள்ள தொகைக்கும் உண்மையான தொகைக்கும் உள்ள தூரம் இதுவே.

இதனாற் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான பொருளைக் கொடுக்கும் வகுப்பு இருக்கலாம். அறிந்து கொடுப்பது வேறு, அறியாமல் இழப்பது வேறு என்பதே என் கருத்து. முழுச் செலவையும் முதல் நாளிலே ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அத்தாளிலே இல்லாத பணத்தைப் பின்னர்க் கேட்டால் மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மணிக்கணக்கையும் பார்க்க வேண்டும். வாரம் இருமுறை, ஒன்றரை மணி நேரம் என்றால், மாதத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். 1,500 ரூபாவுக்கு மணிக்கு 125 ரூபா. மழைக்கும் பஸ் தாமதத்துக்கும் போட்டி நாளுக்கும் வகுப்பு நான்கு முறை தடைப்பட்டால், அதே பணத்துக்கு ஆறு மணி நேரமே கிடைக்கும், விலை இருமடங்காகிவிடும். தடைப்பட்ட வகுப்புக்கு ஈடு உண்டா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? இருபது பேருள்ள வகுப்பும் அறுபது பேருள்ள வகுப்பும் ஒரே கட்டணம் வாங்குமானால் அவை ஒரே விலையுடையனவல்ல.

தரத் தேர்வையும் பட்டியையும் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகொரோ கானோ 1882ஆம் ஆண்டிலே டோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்தின் சிறு கூடத்தில், பன்னிரண்டு பாய்களை விரித்து, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவருடன் தொடங்கினார். மாணவரின் தேர்ச்சியைப் படிகளாகப் பிரித்துக் கறுப்புப் பட்டியை அடையாளமாக்கியது அவர் முறையே. ஒக்கினாவாத் தீவிலிருந்து 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய கிச்சின் பூனகோஷி அந்த முறையைக் கராத்தேயிலும் கைக்கொண்டார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மஞ்சள், பச்சை, நீலம் என நிறங்கள் பெருகியது ஐரோப்பாவிலே ஜூடோ பரவிய காலத்தில். கறுப்புப் பட்டியின் முதற்படிக்கு யப்பானியர் இட்ட பெயருக்குப் பொருள், தொடக்கப் படி என்பதே. அதாவது, கறுப்புப் பட்டி பெற்றவன் முடித்தவன் அல்லன். கற்கத் தொடங்கத் தகுதி பெற்றவன்.

பட்டி பிள்ளைக்கு ஊக்கம் தரும் மைல்கல். அதிலே குற்றமில்லை. மைல்கற்களை நெருக்கி நட்டால் மட்டும் பாதை குறுகிவிடாது. ஒவ்வொரு கல்லுக்கும் பணம் வாங்கினாற் செலவே கூடும். ஒரு நிறத்துக்கும் மறு நிறத்துக்கும் இடையே அரைப்பட்டி, கோட்டுப்பட்டி என்று புதிது புதிதாகச் சேர்க்கும் வகுப்பிலே, தேர்வு நடப்பது பிள்ளையின் தேர்ச்சிக்காகவா, கட்டணத்துக்காகவா என்று ஐயுற இடமுண்டு. இதனை அறிய ஓர் எளிய கேள்வி இருக்கின்றது: "சென்ற தேர்விலே எத்தனை பேர் தேறவில்லை?" ஒருவரும் தவறியதில்லை என்றால், அங்கே நடந்தது தேர்வன்று, விற்பனை. தவறிய பிள்ளையிடம் மறுமுறை முழுக் கட்டணம் வாங்குகின்றாரா என்பதும் கேட்கத்தக்கது. பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் ஆசிரியரின் உழைப்புக்குக் கூலி. பட்டிக்கே பணம் என்றாகிவிட்டால் அது துணியின் விலை.

முற்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மக்களின் வரலாற்றிலே முற்பணம் என்ற சொல்லுக்குக் கசப்பான பொருள் உண்டு. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பேரிற் கடனாக ஏறியது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய "துண்டு" இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலவில்லை. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அங்கே வாங்கிய பணம் மனிதரைக் கட்டிப்போட்டது. இங்கே கொடுத்த பணம் கட்டிப்போடுகின்றது. "ஓராண்டுப் பணத்தை ஒன்றாகக் கட்டினாற் கழிவு" என்ற அழைப்பிலே உள்ள ஆபத்து இதுவே. இரண்டாம் மாதத்திலே பிள்ளைக்குப் பிடிக்காமற் போகலாம். ஆசிரியரே வராமற் போகலாம். வகுப்பிலே விரும்பத்தகாத ஒன்று நிகழலாம். கட்டிய பணத்தை நினைத்துப் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்பும் நிலை வரக்கூடாது. விலகிப் போகும் சுதந்திரமே பிள்ளையின் முதற் பாதுகாப்பு. ஆகையால் மாதத்துக்கு மாதம், சம்பள நாளை அடுத்துக் கட்டுவதே சாலச் சிறந்தது. பணம் கட்டிய ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். சீருடையையும் முதல் மாதத்திலே வாங்க வேண்டாம். சாதாரண உடையில் ஒரு மாதம் பழக விடுகின்றாரா என்று கேளுங்கள். கலையில் நம்பிக்கையுள்ள ஆசிரியர் அதற்கு மறுக்கமாட்டார்.

இவ்வளவும் பெற்றோர் பக்கத்து நியாயம். ஆசிரியர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இருபது பிள்ளைகளிடம் 1,500 வீதம் வாங்கினால் மாதம் 30,000 ரூபா. அதிலே மண்டப வாடகை, பஸ் செலவு, சங்கப் பணம் கழிய வேண்டும். நாலைந்து பிள்ளைகள் கட்டணம் தராமலே தொடர்ந்து வருவார்கள். இரக்கமுள்ள ஆசிரியர் அவர்களைத் துரத்தமாட்டார். அவருக்கும் குடும்பம் உண்டு. மிகக் குறைந்த கட்டணத்தைத் தேடி அலைவதும், கொடுக்க ஒப்பிய பணத்தை மூன்று மாதம் இழுத்தடிப்பதும் நல்ல ஆசிரியரை ஊரை விட்டுத் துரத்தும் வழிகள். இலவசம் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடலாகாது. வகுப்பு இலவசமாகவும் சீருடையும் தேர்வும் இருமடங்கு விலையாகவும் இருக்கக்கூடும். வேறு தொழிலிலே சம்பாதித்து, கலைமேற் கொண்ட பற்றினால் இலவசமாகக் கற்பிப்பவரும் இருக்கக்கூடும். இருவரையும் பிரித்தறிய, முன்சொன்ன முழுச் செலவுத் தாளே போதும்.

பூண்டுலோயா போன்ற இடத்திலே பெற்றோர் தனித்தனியே நில்லாமல் ஒன்றுகூடினால் இருபக்கமும் நன்மை அடையும். கோயில் மண்டபமோ பாடசாலை மண்டபமோ வாடகையின்றிக் கிடைக்குமானால், அந்த மிச்சத்தைக் கட்டணத்திலே குறைக்கும்படி கேட்கலாம். அண்டைத் தோட்டங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று கொடாமல், வகுப்புக்கு இவ்வளவு என்று ஆசிரியருடன் பேசி, வரும் பிள்ளைகளிடையே பகிர்ந்துகொள்ளலாம்; அப்பன் இல்லாத பிள்ளைக்கும் வேலையிழந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதிலே இடம் ஒதுக்கலாம். ஒரு வீட்டிலிருந்து இருவர் வந்தால் இரண்டாமவருக்குக் குறைத்துக் கொடுக்கும்படி கேட்பதும் வழக்கத்துக்கு மாறானதன்று. பெற்றோரில் ஒருவர் முறைவைத்து ஒவ்வொரு வகுப்பிலும் அமர்ந்திருக்கலாம். அவ்வாறு அமர்ந்திருப்பவருக்குச் செலவு எதுவுமில்லை. பிள்ளைகளுக்கோ அதனினும் பெரிய காவல் வேறில்லை. அன்று ஊர் ஆசானை அறிந்திருந்ததுபோல, இன்றும் ஊரே ஆசிரியரை அறிந்துகொள்ளும் வழி இது.

கூறியவற்றைத் தொகுத்துச் சொல்லுகின்றேன். சேர்க்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நான் உட்கார்ந்து பார்க்கலாமா? யாரிடம், எத்தனை ஆண்டு கற்றீர்கள்? ஓராண்டு முழுச் செலவு எவ்வளவு? சென்ற தேர்விலே எத்தனை பேர் தவறினர்? நடுவிலே விலகினாற் பணம் என்னவாகும்? இவற்றுக்கு முகங்கோணாமல் விடை சொல்லும் ஆசிரியர் கேட்கும் கட்டணம் சற்றுக் கூடுதலாயிருந்தாலும், இயன்றவர்கள் மனமுவந்து கொடுக்கலாம். விடை சொல்ல மறுப்பவர் ஒரு ரூபா கேட்டாலும் அது அதிகமே.

தன்னைக் காக்கும் கலையைக் கற்கப் போகும் பிள்ளைக்கு முதற் பாடத்தை வகுப்பு வாசலிலே தாயும் தந்தையும் கற்பித்துவிடுகின்றனர். அச்சமின்றிக் கேட்பதும், விடை கேட்டு முடிவு செய்வதும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுவதும் தற்காப்பே. அதனைக் கண்ட பிள்ளை, கூடத்திலே கால்வைப்பதற்கு முன்னரே பாதிக் கலையைக் கற்றுக்கொண்டுவிடும்.